பல மரம் கண்ட தச்சனைத் திட்டாதீர்கள்

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடி என் கிணற்று மோட்டார் கருகிப்போச்சு. ராத்திரியில் டூ ஃபேஸில் ஓடியிருக்கு, நான் கவனிக்கலை. காலையில் மோட்டார் ரூமைத் திறந்தால் வார்னிஷ் தீய்ந்த நாத்தம். நவரைக்கு நாற்று விட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மதுராந்தகத்தில் வழக்கமாகக் காயில் கட்டுகிறவர், "பொங்கல் கழிச்சு வாங்க, கை நெறைய வேலை கெடக்கு" என்றார். எனக்குப் பொங்கல் கழியலாம், நாற்றுக்குக் கழியாது. குட்டி யானை ஒன்றைப் பிடித்து, அஞ்சு எச்.பி. மோட்டாரை ஏற்றிக்கொண்டு தாம்பரம் போனேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் வைண்டிங் கடையைப் பற்றி மச்சான் சொல்லியிருந்தான்.

பத்துக்குப் பத்து கடை. அறுபத்து மூணு வயசு அண்ணன் ஒருத்தர். மோட்டாரைத் திறந்து பார்த்தார். கருகின காயிலைப் பார்ப்பதற்கு முன்னால் ஷாஃப்ட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, காயில் மட்டும் கட்டி அனுப்பினா ஆறு மாசத்துல திரும்பத் தூக்கிட்டு வருவ. பேரிங் உக்கார்ற எடம் தேஞ்சிருக்கு. ரோட்டார் உள்ள ஒரசுது. அதச் சரி பண்ணாம காயில் கட்டறது உன் காச எரிக்கிற மாதிரி."

இதே மோட்டாருக்கு மூணு வருஷத்தில் ரெண்டு தடவை காயில் கட்டியிருக்கேன். கட்டின யாரும் இதைச் சொன்னதில்லை. எப்படிண்ணா பார்த்த உடனே தெரியுது என்று கேட்டேன். "நான் லேத்துக்காரன்பா" என்று சிரித்தார். பிறகு கருகின கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டே, சுற்று எண்ணிக்கொண்டே, தன் கதையைச் சொன்னார்.

ஊர் உத்திரமேரூர் பக்கம். நிலம் கிடையாது. பதினஞ்சு வயசில் பல்லாவரத்தில் ஒரு தோல் ஷெட்டில் சேர்ந்தார். ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிற வேலை. நாலு வருஷம். அப்புறம் ஒரு லேத் பட்டறை. கார் கம்பெனிக்குச் சின்னச் சின்ன பாகம் கடைந்து கொடுக்கிற பட்டறை. பெரிய கம்பெனி படுத்ததும் பின்னாலேயே பட்டறையும் படுத்தது. அப்புறம் இருபது வருஷம் சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரிய வைத்த காலத்திலிருந்து. ராத்திரி ரெண்டு ரீலுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில், தியேட்டர் ஃபேன் மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துக் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். டிஜிட்டல் வந்தது, ஆபரேட்டர் வேலை போனது. கற்று வைத்திருந்த காயில் சோறு போட்டது.

இந்த நேரத்தில் ஒருத்தர் காரில் வந்து இறங்கினார். ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர். தண்ணி மோட்டார் தயாராகலை என்று கோபம். "நாளைக்கு சாயங்காலம் தர்றேன் சார், வார்னிஷ் காயணும்" என்றார் அண்ணன். வந்தவர் என் பக்கம் திரும்பி, "இவங்க கிட்ட இதான் சார் பிரச்சினை. எதுலயும் நிலைச்சு நிக்க மாட்டாங்க. இன்னைக்கு எலெக்ட்ரீஷியன், நாளைக்கு ஆட்டோ, நாளன்னைக்கு வேற ஏதாவது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் விவசாயி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "நானும் ரெண்டு வருஷத்துல ஐ.டி.யை விட்டுட்டு உங்க பக்கம் ஒரு ரெண்டு ஏக்கர் வாங்கலாம்னு இருக்கேன் சார். முதல்ல டெஸ்டிங்ல இருந்தேன், அப்புறம் ட்ரெயினிங், இப்ப மேனேஜ்மென்ட். அடுத்தது இயற்கை விவசாயம். லைஃப்ல மாத்தி மாத்திச் செய்யணும் சார், அப்பதான் வளர்ச்சி."

கவனிச்சீங்களா? அவர் நாலு வேலை மாறினால் வளர்ச்சி. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவர் நாலு வேலை மாறினால் நிலையில்லாத ஆள்.

அவரை மட்டும் குறை சொல்லலை. மாசத்துக்கு ரெண்டு பேராவது என்னிடம் விவசாயத்துக்கு வரலாமா என்று கேட்கிறீர்கள். பாதிப் பேர் அவரை மாதிரித்தான் பேசுகிறீர்கள். வங்கி வேலையை விட்டு மாடு வளர்க்க வந்தவரைப் பத்திரிகை பேட்டி எடுக்கிறது. மாடு மேய்த்துவிட்டுக் கொத்தனார் வேலைக்கு வந்தவரை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுக்கலை. இரண்டுமே வேலை மாற்றம்தான். ஒருத்தருக்குக் கீழே வலை கட்டியிருக்கு, இன்னொருத்தர் வலை இல்லாமல் தாவுகிறார். இரண்டாவது ஆளுக்குத்தானே கை தட்டணும்?

அந்தப் பழமொழியில் ஒரு பொய் இருக்கு. தச்சன் ஏதோ ஆசைப்பட்டு மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு திரிகிற மாதிரி அது சொல்கிறது. இவன் கோடாலியை ஓங்கும்போதே மரத்தை வேறு யாரோ பிடுங்கிக்கொண்டு போனால் தச்சன் என்ன செய்வான்? இந்தத் தென்சென்னைப் புறநகரில் நடந்தது அதுதான். இவர்கள் வேலையை விட்டு ஓடவில்லை. வேலைதான் இவர்களை விட்டு ஓடியது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் போகிறீர்கள். குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? குரோம் தோல் பதனிடும் கம்பெனி ஒன்று இருந்ததால். கம்பெனி போய்விட்டது, பேர் மட்டும் ஸ்டேஷன் போர்டில் தொங்குகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஓடியது. ஹெரால்டு கார் அங்கே செய்ததுதான். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தார்கள். விற்கலை. 1988 வாக்கில் உற்பத்தியே நின்றுபோச்சு. இன்று அந்த இடத்தில் ஐ.டி. வளாகம் நிற்கிறது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிற பிள்ளைகளுக்கு, காலுக்குக் கீழே எத்தனை ஃபிட்டர், டர்னர், வெல்டருடைய வாழ்க்கை புதைந்திருக்கு என்று தெரியாது. அது அவர்கள் தப்பில்லை, யாரும் சொல்லலை.

1984-இல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகம் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் முதன்முதலாக மாசச் சம்பளம் பார்த்தார்கள். பிறகு மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது, 2022-இல் கடைசி வண்டி வெளியே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் பூட்டப்பட்டது. ஒவ்வொன்றும் வரும்போது "இனி உங்க வாழ்க்கை நிலைச்சாச்சு" என்றுதான் பேசினார்கள். நிலைக்காதது யார்? வேலைக்காரனா, வேலையா?

கடைக்கு எதிரே ஒரு அக்கா தள்ளுவண்டியில் இட்லி போடுகிறார். மத்தியானம் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால் அவரிடமும் பேச்சு நீண்டது. பதினெட்டு வயசில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். அப்புறம் செக்கிங். அப்புறம் ஒரு எலெக்ட்ரானிக் கம்பெனியில் சால்டரிங். கண் மங்கினதும் வீட்டில் ஜாக்கெட் தைத்தார். இப்போது இட்லி. கம்பெனிகளில் மொத்தம் பதினைந்து வருஷம் வேலை பார்த்திருக்கிறார். எவ்வளவு கிராஜுவிட்டி வந்துச்சுக்கா என்றேன்.

"அதெல்லாம் எங்கண்ணா. ஒரே கேட்டு, ஒரே மெஷினு. ஆனா கம்பெனி பேரு மட்டும் மூணு வருஷம், நாலு வருஷத்துக்கு ஒருக்கா மாறிடும். அஞ்சு வருஷம் ஒரு பேர்ல நான் இருந்ததே இல்ல."

இங்கேதான் நான் கோபப்படுகிற விஷயம் இருக்கு. 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி அஞ்சு வருஷம் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து வேலை பார்த்தால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் கணக்கிட்டுத் தரணும் என்று இருந்தது. பி.எஃப். ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கணும். கேட்க நியாயமாக இருக்கு. ஆனால் இதன் அர்த்தம் என்ன? ஒரே இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் பரிசு. நிற்க விடாமல் துரத்தப்பட்டவனுக்கு ஒண்ணும் கிடையாது. ஆபீஸ்காரருடைய அனுபவம் கூட்டல் கணக்கு. அஞ்சும் அஞ்சும் பத்து, பத்தும் அஞ்சும் பதினைந்து என்று அடுத்த கம்பெனியில் சம்பளம் ஏறும். அந்த அக்காவின் பதினைந்து வருஷம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. வேலை மாறினதும் பி.எஃப். பணத்தையும் எடுத்துவிட்டார், வீட்டில் அவசரம். அதோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்தால் அந்த சர்வீஸும் போய்விடும் என்று யாரும் அவருக்குச் சொல்லலை. பத்து வருஷம் ஆகாதவர்கள் பணத்தை எடுக்காமல், ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால் பழைய சர்வீஸை அடுத்த கம்பெனி சர்வீஸோடு சேர்க்கலாம். இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற ஒருத்தருக்காவது இந்த விஷயத்தைச் சொல்லுங்கள்.

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உண்டு என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் இட்லி ஊற்றுகிற அக்காவின் பதினைந்து வருஷத்தை அது திருப்பிக் கொண்டுவராது.

"காலம் மாறும், டெக்னாலஜி மாறும், அதுக்கு என்ன பண்றது" என்பீர்கள். இதே தாம்பரத்திலேயே பதில் இருக்கு. 1931-இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடியது. 2004-இல் அதை நிறுத்திவிட்டு முழுக்க அகலப்பாதை ஆக்கினார்கள். தண்டவாளம் மாறியது, வண்டி மாறியது. அதற்காக மோட்டார்மேனிடம் "உன் சர்வீஸ் பூஜ்யம், முதல்லேர்ந்து வா" என்று சொன்னார்களா? புது வண்டிக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பழைய சர்வீஸ் தொடர்ந்தது. ஆகவே முடியாத காரியம் இல்லை. நிரந்தர ஊழியர் என்றால் முடிகிறது, கூலிக்காரர் என்றால் முடியாது என்கிறோம், அவ்வளவுதான்.

சிலர் வேறு ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "பேசாம அவங்கவங்க குலத்தொழிலையே பார்த்திருந்தா இந்தக் கஷ்டமே இல்லையே" என்று. கிராமத்தைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் நான் இதற்குத் தலையாட்டுவேன் என்று நினைக்கிறார்கள். மாட்டேன். 1953-இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. 1954-இல் காமராஜர் வந்ததும் அதை எடுத்தார். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டு வயசிலேயே குடும்பத் தொழிலுக்குக் கடன் என்றபோது தமிழ்நாடு மறுத்ததும் அதே காரணத்துக்காகத்தான். அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில், பக்கத்திலிருக்கும் குன்றத்தூரில் தொடங்கி வைத்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்த வயசு 35 என்று வைத்தார்கள். சாதிப்படி தொழில் என்ற பேச்சும் அதில் இல்லை. பிள்ளை படிக்கட்டும், அப்புறம் எந்தத் தொழில் வேண்டுமோ எடுக்கட்டும் என்ற எண்ணம். அது சரி.

வைண்டிங் அண்ணன் தோல் ஷெட்டிலிருந்து லேத்துக்குப் போனது வெறும் வேலை மாற்றம் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இருந்திருந்தால் அவரை யார் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்று அந்தச் சங்கச் செயலாளர் அவர் கடை வாசலில் காத்து நிற்கிறார். பல மரம் கண்டதால் வந்த மரியாதை அது. ஆனால் எந்தத் திட்டத்தின் பட்டியலும், எந்த வங்கி விண்ணப்பமும் "தொழில்" என்று ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருக்கு. தோல், லேத், புரொஜெக்டர், காயில், இந்த நாலையும் அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. அரைகுறை வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். என் மோட்டாருக்கே போன தடவை ஒருத்தர் செம்பு என்று சொல்லி அலுமினியக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருக்கார், இந்த அண்ணன் பிரித்தபோதுதான் தெரிந்தது. குழாய் போட வந்தவர் சுவரையே ஊற விட்டுவிட்டுப் போன கதை உங்களிடமும் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் பல வேலை பார்த்தது இல்லை. எதையும் முறையாகச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் விட்டது, வேலை தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நாம் ஒரே கூலி பேசுவது, அதிலும் ஐம்பது ரூபாய் குறைப்பது. நல்ல வேலைக்காரன் அந்தக் கூலிக்கு நிற்க மாட்டான், அரைகுறைதான் நிற்பான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் முன்னாடி என் நிலத்தில் வரப்பு வெட்டி, அண்டை கழித்துக்கொண்டிருந்த ஒருத்தர், சொல்லாமல் கொள்ளாமல் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர் வீட்டு வாசலில் நின்று, ஊர் கேட்க, "நன்றி கெட்டவன், ஒரு இடத்துல நிலைக்காதவன்" என்று கத்தினேன். நான் கொடுத்த கூலியைப் போல ரெண்டு மடங்கு அவருக்கு அங்கே கிடைத்தது என்பதை நான் ஊர் கேட்கச் சொல்லலை. இன்று அவர் டைல்ஸ் மேஸ்திரி. அவர் போட்ட தளத்தில் தண்ணி ஊற்றினால் ஒரு இடத்தில் தேங்காது. நிலத்தில் மட்டம் பார்த்துப் பார்த்து வந்த கண் அது. என்னிடம் கற்றது அங்கே உதவியிருக்கு, நான்தான் அதைப் பார்க்கலை.

சாயங்காலம் ஒரு பையன் பைக்கில் வந்து அண்ணனுக்குக் கூடமாட உதவினான். பகலில் சாப்பாடு டெலிவரி, சாயங்காலம் இங்கே. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, ஒரு கார் பாகக் கம்பெனியில் ஆறு வருஷம் காண்டிராக்டில் இருந்தவன். மைக்ரோமீட்டரை எடுத்து என் மோட்டார் ஷாஃப்ட்டை அளந்தான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை. உங்கள் வாசலில் பிரியாணிப் பொட்டலத்தோடு நின்று ஓ.டி.பி. கேட்கிற கை அது. ரெண்டு நிமிஷம் தாமதம் என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறீர்களே, அந்தக் கை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிசாக ஒண்ணும் இல்லை. சின்னக் கம்பெனி நடத்துகிறீர்களா? வேலையை விட்டுப் போகிறவருக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன வேலை பார்த்தார் என்று லெட்டர்பேடில் நாலு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள். குடியிருப்புச் சங்கத்தில் இருக்கிறீர்களா? பத்து வருஷமாக உங்கள் கட்டடத்துக்கு வரும் பிளம்பருக்கும் அதே நாலு வரி கொடுக்கலாம். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ஒண்ணுதான். உடைந்த சர்வீஸை ஒட்டி எண்ணுங்கள். பத்து இடத்தில் ஒரு வருஷம் என்றாலும் பத்து வருஷம்தான், கூட்டல் எல்லோருக்கும் ஒண்ணுதானே? அப்புறம் விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தை நாலு வரியாக்குங்கள்.

மறுநாள் சாயங்காலம் போய் மோட்டாரை வாங்கினேன். ஷாஃப்ட்டில் தேய்ந்த இடத்தை நிரப்பி, கடைந்து, புது பேரிங் போட்டிருந்தார். சுவிட்சைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "புரொஜெக்டர் ஓட்டினவன் காது தம்பி. படத்தப் பாக்காமலே மெஷின்ல கோளாறுன்னா தெரிஞ்சிடும்." பிறகு டெர்மினல் பெட்டி மூடிக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவால் கம்பி கேஜ், சுற்று எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதினார். எதுக்குண்ணா என்றேன். "நாளைக்கு இத வேற ஒருத்தன் பிரிப்பான். அவன் முதல்லேர்ந்து எண்ண வேணாம்ல" என்றார்.

கேட்ட காசைக் கொடுத்தேன், பேரம் பேசலை. ராத்திரியே மோட்டாரை இறக்கித் தண்ணி விட்டேன். நாற்று பிழைத்தது, இப்போது நடவு முடிந்து பச்சை பிடித்து நிற்கிறது.

அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு ஒரு எலெக்ட்ரீஷியனோ தச்சரோ வந்தால், டீ கொடுத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன வேலைண்ணா பார்த்தீங்க?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்ட பிறகும் அந்தப் பழமொழியைச் சொல்ல உங்களுக்கு மனசு வந்தால், என்னிடம் வந்து சொல்லுங்கள்.